கண்ணாடியில் கண்ட சிறுவன்

செருமனி நாட்டின் தென்பகுதியில் நூரம்பர்க் என்னும் பழம்பெரு நகரம் உள்ளது. உலோகத் தொழிலிலும் வாணிகத்திலும் சிறந்து விளங்கிய அந்நகரில், 1471-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், ஆல்பிரெக்ட் டியூரர் பிறந்தார். அவர் தந்தையார் அங்கேரி நாட்டிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். அவருக்கு மக்கள் பதினெண்மர் பிறந்தனர். குழவிப் பருவத்திலும் இளமையிலுமாகப் பலர் மறைந்தனர். 1524-ஆம் ஆண்டில் எஞ்சி நின்றோர் மூவரே. அவர்களுள் ஒருவரே பின்னாளில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஓவியரான டியூரர்.

மகன் கற்பதில் ஊக்கமுடையவன் என்று கண்ட தந்தையார் அவன்மீது தனி அன்பு கொண்டார். எழுதப் படிக்கக் கற்றதும் பள்ளியினின்று அவனை நிறுத்தித் தம் பட்டறையிலேயே அமர்த்தித் தொழில் பயிற்றினார். பொன்னையும் வெள்ளியையும் செதுக்குவதற்குக் கையுறுதியும் கூர்ந்த பார்வையும் வேண்டும். அவ்விரண்டும் சிறுவனுக்கு விரைவில் கைவந்தன. ஆயினும் அவன் உள்ளம் பொன்னைவிட்டு ஓவியத்தையே நாடியது.

1484-ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதின்மூன்று வயதில், அச்சிறுவன் ஒரு கண்ணாடியின் முன் அமர்ந்து தன் உருவத்தைத் தானே வரைந்தான். அக்காலத்தில் ஓவியம் பயிலும் இளைஞர் முதலில் ஆசிரியர் வரைந்தவற்றைப் பார்த்து எழுதியே கைபழகுவர். இச்சிறுவனுக்கோ ஓவிய ஆசிரியர் இன்னும் வாய்க்கவில்லை. பார்த்து எழுத அவன் தேர்ந்துகொண்டது தன் முகம்.

அவன் கையாண்ட கருவி வெள்ளிமுனை எழுதுகோல். எலும்புச் சாம்பலைப் பசையிற் குழைத்துத் தாளின்மேல் பூசி உலர்த்துவர். அதன்மேல் வெள்ளிமுனையால் கீறினால், வெள்ளி சிறிது சிறிதாகத் தேய்ந்து மெல்லிய சாம்பல் நிறக் கோடாகப் படியும்; நாளடைவில் அக்கோடு பழுப்பு நிறம் அடையும். கரிக்கோலால் இட்ட கோட்டைத் துடைத்துவிடலாம். வெள்ளிக்கோடு எளிதில் அழியாது. தவறினால் தவறியதே. வளர்ந்த ஓவியரும் அஞ்சித் தொடும் அக்கருவியைச் சிறுவன் துணிந்து எடுத்தான்.

அப்படத்தில் சிறுவன் பக்கவாட்டில் சற்றே திரும்பி இருக்கிறான். தலையிற் குல்லாய், அதன் கீழ் நீண்ட மயிர், சதைப்பற்றுள்ள இளங்கன்னம். ஒரு கையின் சுட்டுவிரல் எதையோ காட்டுகிறது. எதனை என்பது படத்தில் இல்லை. மற்றொரு கை சட்டையின் அகன்ற கைக்குள் மறைந்து கிடக்கிறது. படம் வரைந்துகொண்டே இருக்கும் கையைக் கண்ணாடியில் பார்த்து வரைவது எவருக்கும் அரிது. சிறுவன் அதனை மறைத்தது கள்ளத்தனம் அன்று, அறிவுடைமையே. துணியின் மடிப்புகள் சற்று விறைத்து நிற்பது உண்மைதான். ஆனால் முகத்தில் கவனம் தவறவில்லை.

பின்னர் மகன் தன் விருப்பத்தைத் தந்தையாரிடம் தெரிவித்தான். அவர் மகிழவில்லை. பொற்கொல்லத் தொழிலில் கழிந்த காலமெல்லாம் வீணாயிற்றே என்று வருந்தினார். எனினும் தடுக்கவில்லை, 1486-ஆம் ஆண்டில் மிக்கேல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் மூன்றாண்டு பயில அனுப்பிவைத்தார். மகனுக்காக அவர் இழந்தது சிறிதன்று. தம் பட்டறையிற் பழக்கிய கையை அவர் விட்டுக்கொடுத்தார்.

அதன் பின் டியூரர் தம் உருவத்தைப் பலமுறை எழுதினார். 1493-இல் கையில் ஒரு முட்செடியை ஏந்திய இளைஞர்; 1498-இல் கையுறையும் விலையுயர்ந்த உடையும் அணிந்த செல்வர்; 1500-இல் மென்மயிர்த் தோலாடையுடன் நேர்முகமாக நம்மை நோக்கும் பெருங்கலைஞர். 1498-ஆம் ஆண்டுப் படத்தில் தம் வயது இருபத்தாறு என்றும், 1500-ஆம் ஆண்டுப் படத்தில் இருபத்தெட்டு என்றும் அவரே எழுதியுள்ளார். பின்னதில் உள்ள எழுத்து பொன்னிறமானது; மொழி கற்றோர்க்குரிய இலத்தீன். இவற்றைத் தற்பெருமை என்பாரும் உளர். ஓவியரைக் கைத்தொழிலாளர் வரிசையில் வைத்து எண்ணிய அந்நாளில், தம் கலைக்கு உரிய மதிப்பை அவர் கேட்டார் என்பதே பொருந்தும்.

புகழ் பெற்றபின் ஒருநாள் பழைய வெள்ளிக்கோட்டுப் படத்தை டியூரர் கையில் எடுத்தார். அவர் நினைத்திருந்தால் விறைத்த மடிப்புகளை மையால் திருத்தியிருக்கலாம்; மறைந்த கையைப் புதிதாக வரைந்திருக்கலாம். அவர் கோடுகளைத் தொடவில்லை. தாளின் மேற்புறத்தில் ஒரு மூலையில் சில சொற்களை மட்டும் எழுதினார். 1484-ஆம் ஆண்டில், தாம் இன்னும் குழந்தையாக இருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே இவ்வாறு வரைந்ததாக அவர் குறித்துள்ளார். கீழே தம் பெயர். மொழி வீட்டில் பேசும் செருமானிய மொழி.

குழந்தை என்ற சொல்லை அவர் ஏன் இட்டார்? குறைகளைப் பொறுத்துக்கொள்க என்று வேண்டுவதற்கா? இத்துணை இளமையில் இத்துணைத் திறமா என்று காண்போர் வியப்பதற்கா? இரண்டும் அதில் அடங்கும். ஆனால் அக்குறிப்பில் ஊன்றி நோக்கத்தக்க சொல் கண்ணாடி என்பதே. பிறர் படத்தைப் பார்த்து எழுதியதன்று, கண்முன் கண்டதை எழுதியது என்று அச்சொல் சான்று பகர்கிறது. பிற்காலத்தில் முயலையும் புல்லையும் நேரிற் கண்டு வரைந்த அவருக்கு, அப்பழக்கம் எங்கே தொடங்கியது என்பது தெரிந்திருந்தது.

இவ்வாறு குறிப்பு எழுதிவைப்பது அவர் இயல்பு. இத்தாலிய ஓவியர் இராபேல் தமக்கு அனுப்பிய ஓர் ஓவியத்திலும் 1515 என்னும் ஆண்டைக் குறித்து, அது யார் அனுப்பியது, எதற்காக அனுப்பியது என்று எழுதிவைத்தார். 1524-இல் தந்தையார் விட்டுச்சென்ற ஏடுகளைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தொகுத்தார். தந்தையார் 1502-லேயே மறைந்துவிட்டார். பட்டறையை விட்டு மகன் சென்றபோது அவர் வருந்திய செய்தியை மகனே மறைக்காமல் அதில் எழுதியுள்ளார்.

டியூரர் 1528-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6-ஆம் நாள் காலமானார். அவர் சிறுவயதில் வரைந்த அத்தாள் இன்று ஆத்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில், ஆல்பெர்டினா என்னும் கலைக்கூடத்தில் உள்ளது. சிறுவன் இட்ட வெள்ளிக்கோடுகள் பழுப்பேறியிருக்கின்றன. அவற்றின்மேல் முதிர்ந்தவர் கையால் எழுதிய எழுத்து தனியே தெரிகிறது.