டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்கலாமா?

கேள்வி: எங்கள் கறவைப் பசுவுக்கு மடிவீக்கம். பால் திரிதிரியாக வருகிறது. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துத் தடவினேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊசியும் போட்டார். குறையவில்லை. டாக்டரிடம் போனபோது இதையெல்லாம் சொல்லவில்லை. போன தடவை, "கண்டதையும் செஞ்சிட்டு எங்கிட்ட வர்றீங்க" என்று நாலு பேர் முன்னால் என் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டார். அவரிடம் எப்படிப் பேசுவது?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவர் அப்படிப் பேசியது தவறு அம்மா. நானும் கால்நடை மருத்துவன்தான்; அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எந்தக் காம்பில் முதலில் திரி வந்தது, பால் எவ்வளவு குறைந்தது, அசை போடுகிறதா என்பதெல்லாம் தினமும் கறக்கிற உங்களுக்குத்தான் தெரியும். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். அவதி மாட்டுக்கு.

கற்றாழை தடவியதற்குக் கூச்சமே வேண்டாம். கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற அளவில் அதைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமே பரிந்துரைக்கிறது. காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல் நின்றால் மட்டும் பூச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஊசியை மறைத்ததுதான் ஆபத்து. அதே மருந்தையே டாக்டரும் போட்டு நாள் வீணாகலாம். எத்தனை நாள் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கூடாது என்பதும் அந்த மருந்தைப் பொறுத்தது. இன்னொன்றும் சொல்கிறேன்: கன்று ஈன்ற மாடு பால் காய்ச்சலில் விழும்போது, யாரோ ஏற்கெனவே ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றியது தெரியாமல் டாக்டரும் ஏற்றினால், இதயம் நின்றே போகலாம்.

ஒரே மருத்துவர் பல ஊர்களுக்கு அலைகிறார், களைப்பு இருக்கும். ஆனாலும் "இதுவரை என்னம்மா கொடுத்தீங்க?" என்று தணிவாகக் கேட்க அரை நிமிடம் போதும். இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களே, வீட்டுக்காரரிடம் மட்டும் பேசாமல் கறக்கிற பெண்ணிடமும் கேளுங்கள். செலவை முன்னதாகவே சொல்லுங்கள். காம்பு தேறாது என்றால் அதையும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பால் பணத்தை நம்பித்தான் பல வீடுகளில் அரிசி வாங்குகிறார்கள்.

அம்மா, இன்றே போங்கள். வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய், ஊசி மருந்துக் குப்பியை டாக்டர் கையில் கொடுத்து, "இதைத்தான் போட்டாங்க சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.