இறால் பண்ணையில் பதிவேடு: காசு எங்கே வருகிறது?

அறுவடை பேச வரும் கம்பெனிக்காரர் ட்ரேசபிலிட்டி (சரக்கு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தாளில் காட்டுவது) என்று ஆரம்பித்தால், உடனே கேளுங்கள்: கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடுதலாகத் தருவீர்கள்? பெரும்பாலும் நேரான பதில் வராது. விலையை வைப்பது கவுண்டுதான். கிலோவுக்கு 40 நிற்கும் இறாலுக்கு ஒரு ரேட், 60 நின்றால் வேறு ரேட். நோட்டு எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் கரையில் அதே விலை. ஆகவே கூடுதல் விலைக்காக எழுதத் தொடங்காதீர்கள். ஒரே அறுவடையில் அலுத்துவிடும். காசு வேறு இடங்களில் இருக்கிறது.

முதலில் நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்தியப் பண்ணை இறாலில் ஆன்டிபயாட்டிக் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் பத்து சதவீதச் சரக்கிலிருந்து பாதிச் சரக்குக்கு உயர்த்தியது. 2018 டிசம்பர் 31 முதல், அமெரிக்காவில் இறால் இறக்குமதி செய்பவர் அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்ற ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர் ஏற்றுமதிக் கம்பெனியைக் கேட்பார், கம்பெனி ஏஜென்டைக் கேட்கும், ஏஜென்ட் உங்களிடம் வருவார். வேதாரண்யம் பக்கம் நாலு பண்ணையின் இறால் ஒரே லாரியில் கலந்து ஏறியது என்று வையுங்கள். சோதனையில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்கான குளோராம்பெனிக்கால் சிக்கினால், நாலு பேரும் குற்றவாளிதான். “என் குட்டை இல்லை” என்று காட்டக் கையில் தாள் இருப்பவர் மட்டும் தப்பிப்பார்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டையில் 3 டன், கிலோ 350 ரூபாய்: பத்தரை லட்சம். கம்பெனி மனமிரங்கி கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றித் தந்தால் 15,000. சரக்கு ஏற்றுமதிக்கு ஆகாது என்று 100 ரூபாய் குறைத்துக் கேட்டாலோ மூன்று லட்சம் போச்சு. இருபது மடங்கு வித்தியாசம். நோட்டின் முதல் வருமானம் இந்த நட்டத்தைத் தடுப்பதுதான்.

இரண்டாவது வருமானம் தீவனத்தில். செலவில் பாதிக்கு மேல் அதுதான் தின்கிறது. குட்டைவாரியாக எழுதாதவருக்கு மொத்தத் தீவன பில் தெரியும். எந்தக் குட்டை விரயம் செய்தது என்று தெரியாது. ஒரு கிலோ இறாலுக்கு ஒரு குட்டையில் 1.3 கிலோ தீவனமும் அடுத்ததில் 1.6 கிலோவும் போனால், 3 டன்னுக்கு 900 கிலோ அதிகம். கிலோ 90 ரூபாய் என்றால் 81,000. கம்பெனி தரத் தயங்கும் அந்த 15,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்ன எழுதுவது? குஞ்சு எந்தப் பொரிப்பகம், பில், பி.சி.ஆர். நோய்ச் சோதனை ரிப்போர்ட், விட்ட தேதி, எண்ணிக்கை. தீவன மூட்டையின் லாட் எண். தினமும் எந்தக் குட்டைக்கு எத்தனை கிலோ. பண்ணையின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையப் பதிவும், எம்பிடா (கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) தரும் பண்ணை அடையாள எண்ணும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது புரோபயாட்டிக் பாக்கெட்டில். நாம் ஆன்டிபயாட்டிக்கே போடவில்லை என்று சத்தியம் செய்வோம்; பெயர் தெரியாத பவுடருக்குள் அது கலந்திருந்தால் மாட்டுவது நாம்தான். பில் இல்லாத எதையும் தண்ணீரில் கொட்டாதீர்கள். காலி பாக்கெட்டை பேட்ச் எண்ணோடு போட்டோ எடுத்து வையுங்கள். அறுவடைக்கு முன் எம்பிடா ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து சான்றிதழ் வாங்குங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு அது தேவை.

அறுவடை நாளில் எடைச்சீட்டு, கவுண்ட், லாரி எண், ஏற்றிய நேரம், கூடவே குட்டை எண். எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு நகல் வேண்டும். பதிவேடு பழியை உங்கள் பக்கமும் திருப்பும் என்பதை மறக்க வேண்டாம். கம்பெனியிடம் மட்டும் தாள் இருந்தால், அது சொல்வதுதான் வரலாறு.

இதையெல்லாம் பதிய ஒரு செயலிக்கு மாதச் சந்தா கட்டச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். 2019-இல் ஆந்திர இறாலை அமெரிக்காவின் சாம்ஸ் கிளப் கடை வரை பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பதிவேட்டில் தொடர்ந்து பார்த்தது வால்மார்ட். நல்ல முயற்சிதான், ஆனால் எந்தத் தொழில்நுட்பமானாலும் கரையில் எழுதியதைத்தான் அது கடல் தாண்டிச் சொல்லும். நோட்டும் போனும் போதும். மீன்வளம் படித்த உள்ளூர் இளைஞர் ஒருவரைப் பத்துப் பண்ணையாளர்கள் சேர்ந்து குட்டைக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்தினால் இன்னும் நல்லது. ஏ.எஸ்.சி., பி.ஏ.பி. போன்ற சர்வதேசப் பண்ணைச் சான்றிதழ்களின் தணிக்கைச் செலவைத் தனி ஆளாகச் சிறு விவசாயி தாங்க முடியாது. அதற்கும் சங்கமாகத்தான் போக வேண்டும்.

சங்கமாகப் பேரம் பேசும்போது விலையை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். தனி லாட் எண் கேளுங்கள், சோதனை ரிப்போர்ட்டின் நகல் கேளுங்கள், பணம் எத்தனை நாளில் என்பதை எழுத்தில் கேளுங்கள். தீவனக் கடையில் மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் கடன் ஓடுகிறது என்றால், பத்தரை லட்சம் ஒரு மாதம் முந்தி வருவது 21,000 ரூபாய்க்குச் சமம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்ற மறுக்கும் கம்பெனிகூட, சுத்தமான தாள் வைத்திருப்பவருக்கு இதில் இறங்கி வர வாய்ப்பு அதிகம்.