ஆமைக்கு வெயில் வேணும், தம்பி

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. அது ஸ்லைடர் ஆமைடா. சொந்த ஊர் அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் பக்கம். நட்சத்திர ஆமையைக் கேட்டு அலையாமல் விட்டாயே, அதுவே நிம்மதி. அதை வீட்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் பொம்மைத் தென்னை மரம் நட்ட அந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை இந்த வாரமே மாற்றியாக வேண்டும்.

முதலில் வெளிச்சம். ஆமைக்குச் சூடும் வேண்டும், வெயிலில் இருக்கிற யூவிபி என்ற புற ஊதாக் கதிரும் வேண்டும். தின்கிற கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேர டி3 வைட்டமின் தேவை. யூவிபி தோலில் பட்டால்தான் அது உடம்பில் ஊறும். கிடைக்காவிட்டால், வளர வளரக் கெட்டிப்பட வேண்டிய ஓடு அழுத்தினால் அமுங்கும், கால் வளையும். குண்டு பல்பு சூடு மட்டும்தான் தரும். வீட்டு எல்இடி இரண்டையும் தராது. ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், நம்பாதே. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும்.

நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? காலை ஒன்பது மணி வாக்கில் ஓர் அகலமான டப்பில் தண்ணீரோடு மொட்டைமாடியில் வை. பாதி டப்பைப் பலகையால் மூடி நிழல் கொடு. சூடு தாங்காவிட்டால் அது ஒதுங்க இடம் வேண்டுமே. காக்கையும் பூனையும் தூக்கிவிடும், மேலே கம்பி வலை போட்டு நீயும் பக்கத்தில் இரு. கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளே சூடு ஏறிச் செத்துவிடும். சித்திரை வெயிலில் சீக்கிரமே உள்ளே எடுத்துவிடு.

வெயில் எட்டாத ஃபிளாட் என்றால் ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் யூவிபி டியூப் லைட் வாங்கு. எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக்கூடாது. மாட்டிய தேதியை டியூப்பிலேயே எழுதிவிடு. பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி கரைந்துபோயிருக்கும். வருஷம் ஒருமுறையாவது மாற்று. பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும், ராத்திரி முழு இருட்டு. விளக்கைக் கிளிப்பை மட்டும் நம்பிவிடாமல் கம்பியாலும் கட்டு. தண்ணீரில் விழுந்தால் உனக்கும் ஆபத்து.

அடுத்து தொட்டி. காசு அளவில் இருக்கிற குட்டி, பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டரைத் தாண்டும். இருபது முப்பது வருஷம் வாழும். ஓட்டின் ஒவ்வோர் இஞ்சுக்கும் 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள். அப்படிப் பார்த்தால் கண்ணாடித் தொட்டி கட்டுப்படியாகாது; பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோதான் நல்லது. ஓட்டு நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஆழம் வேண்டும். முழு உடம்பும் காயும்படி ஏறி உட்கார ஒரு மேடை, அங்கே 32 டிகிரி வாக்கில் சூடு. தண்ணீர் 24-லிருந்து 27. சின்னக் கூழாங்கல் போடாதே, விழுங்கிவிடும். ஃபில்டர் கட்டாயம்.

தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, பாப்பா வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்துதான் நாலு இஞ்சுக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவே 1975-இல் தடை போட்டது. தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவவே கூடாது.

பெரிசானதும் ஏரியில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. உலகத்திலேயே மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் என்னிடம் கொண்டு வா. பின்கட்டில் கிணற்றடிப் பக்கம் நல்ல வெயில் விழுகிறது, அங்கேயே ஒரு தொட்டி கட்டிவிடலாம்.