லென்ஸ்மேன் வரிசை: மூன்றாவதில் தொடங்குங்கள்

லென்ஸ்மேன் கதைகளை எங்கிருந்து படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் 'கேலக்டிக் பேட்ரோல்' நாவலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். வரிசையில் அது மூன்றாவது. இருக்கட்டும், முதல் இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈ. ஈ. ஸ்மித் 1937இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் இந்தத் தொடரை ஆரம்பித்தது அந்த நாவலில்தான். 'ட்ரைபிளானட்டரி' 1934இல் வேறோர் இதழில் வந்த தனிக்கதை. 1948இல் புத்தகமாக்கும்போது முன்பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்து, அதை வரிசையின் தலையில் வைத்துவிட்டார். வந்தது வினை. தொடராகப் படித்தவர்கள் பத்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட ரகசியம் அதில் எடுத்த எடுப்பிலேயே உடைந்துவிடுகிறது. அது என்னவென்று இங்கே நானும் சொல்லப்போவதில்லை.

'கேலக்டிக் பேட்ரோல்' தொடங்கும்போது கிம்பால் கின்னிசன் அப்போதுதான் பயிற்சி முடித்த இளைஞன். எதிரி யார் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வெறும் விண்வெளிக் கொள்ளையர் என்றுதான் நினைக்கிறோம். அவன் ஒரு திரையை விலக்கினால் பின்னால் இன்னொன்று. இந்த வரிசையின் ருசியே அதுதான். கொள்ளையர் கப்பலைப் பிடித்து, அதன் இயந்திர ரகசியங்களைப் பதிவுசெய்து, ஆளுக்கொரு பிரதியோடு உயிர்காப்புப் படகுகளில் சிதறி ஓடும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அந்த ஓட்டத்தில்தான் வோர்செல் வருகிறான். பார்க்க டிராகன், பழக அருமையான நண்பன்.

ஸ்மித் ஒரு வேதியியலாளர். கற்பனைக்கும் கணக்கு வைத்திருப்பார். நிலைமத்தை நீக்கிவிட்டால் கப்பல் ஒளியை மிஞ்சிப் பறக்கும். ஆனால் நிலைமம் திரும்பும்போது பழைய திசைவேகமும் கூடவே திரும்பிவிடும். அதைச் சரிசெய்யாமல் புதிய கிரகத்தில் இறங்க முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் நிதானமாகப் படியுங்கள். போர்க்களத்தில் அடுக்கடுக்காக வரும் அடைமொழிகளை வேகமாகத் தாண்டலாம்.

அடுத்து 'கிரே லென்ஸ்மேன்', 'செகண்ட் ஸ்டேஜ் லென்ஸ்மென்', 'சில்ட்ரன் ஆஃப் த லென்ஸ்'. இந்த நான்கும் முடிந்தபிறகு 'ட்ரைபிளானட்டரி'க்குத் திரும்புங்கள். ரகசியம் தெரிந்து படிக்கும்போது அந்த முன்பகுதி நன்றாகவே இருக்கும். 'ட்ரைபிளானட்டரி'யையும் இந்த நான்கையும் இணைக்க 1950இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் லென்ஸ்மேன்' கடைசியில் போதும். நான்கையும் படிக்கும்வரை பின்னட்டைக் குறிப்புகளைப் புரட்டாதீர்கள்.