கொசைன் வளைவரையில் முதல் முகடு எங்கே?

11ஆம் வகுப்பில் முக்கோணவியல் சார்புகளின் வரைபடங்களை நடத்தி முடித்து, 3 கொசைன் (2θ − 60°) என்பதை வரையச் சொன்னேன். காலம் 180° என்று பெரும்பாலானோர் சரியாக எழுதினார்கள். கட்ட நகர்வுக்கு வந்ததும் '60° வலப்பக்கம்' என்று எழுதி, அதன்படி அழகாக வரைந்தும் விட்டார்கள். சிவப்பு மையால் 30° என்று திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தவறு திரும்ப வந்தது.

360°ஐக் கெழுவால் வகு, நகர்வையும் கெழுவால் வகு என்று இரண்டு வாய்பாடுகள் கொடுத்திருந்தேன். முதலாவதை நினைவில் வைத்தவர்கள் இரண்டாவதை மறந்திருந்தார்கள். நகர்வை ஏன் வகுக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். 2ஐ வெளியே எடுத்து 2(θ − 30°) என்று காட்டினேன். தலையாட்டினாள், புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்போது வாய்பாட்டைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் கேட்பது: அடைப்புக்குள் இருப்பது எப்போது 0° ஆகும்? 0°இல் கொசைன் உச்சத்தில் இருப்பதால் ஒரு முகடு அங்கே கிடைத்துவிடும். 2θ = 60°, எனவே θ = 30°. கழித்திருக்கும் 60°ஐ θ ஈடுகட்ட வேண்டும். 2θ இரு மடங்கு வேகத்தில் வளர்வதால் அதற்கு 30° போதும். 'கழித்தல் குறிக்கு ஏன் வலப்பக்கம் போகிறது?' என்று ஆண்டுதோறும் வரும் கேள்விக்கும் இதுவே விடை.

அடுத்து, அடைப்புக்குள் எப்போது 360° ஆகும்? 2θ = 420°, θ = 210°. இரண்டு முகடுகளுக்கும் இடையிலுள்ள 180° தான் காலம்.

அதை நான்காகப் பிரித்தால் 45°. ஆகவே 30°, 75°, 120°, 165°, 210° ஆகிய இடங்களில் மதிப்புகள் முறையே 3, 0, −3, 0, 3. வரைபடத்தாளின் கிடை அச்சில் 1 செ.மீ. = 15° என்று எடுத்தால் இப்புள்ளிகள் 2, 5, 8, 11, 14 செ.மீ. கோடுகளில் விழும். அளவுகோல் வைத்து இணைப்பவர்கள் எந்த வகுப்பிலும் இரண்டு பேர் இருப்பார்கள். முகட்டில் கூர்முனை வராது என்று சொல்லிவிடுவது நல்லது. முதல் நாள் பாகையே போதும். ரேடியனில் தொடங்கினால் பாதிப் பேர் பின்னக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வரைந்தபின் ஒரு சோதனை அவசியம். θ = 0° எனில் 3 கொசைன் (−60°) = 1.5. பழைய விடைத்தாள்களை எடுத்து, செங்குத்து அச்சை வளைவரை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன். 60° நகர்த்தியவர்களின் படத்தில் −1.5 இருந்தது. யாரும் சொல்லாமலே அழிப்பானைத் தேடினார்கள்.

(60° − 2θ) என்று கொடுத்தாலும் இதே வளைவரைதான்; கொசைன் இரட்டைச் சார்பு.

மறுநாள் 2 கொசைன் (3θ + 90°) கொடுத்தேன். முகடு −30°இல், காலம் 120°. கேள்வி கேட்ட மாணவி வரையத் தொடங்கும் முன்பே, "0°இல் அச்சைத் தொடணும் சார்" என்றாள்.