இலையில் வெள்ளை மாவு

கேள்வி: மாடித்தோட்டத்தில் வெண்டையும் பூசணியும் வைத்திருக்கிறோம். மார்கழி பிறந்ததும் இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா? கடை மருந்து இல்லாமல் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். சில பூசணி ரகங்களுக்கு நரம்போரம் இயல்பாகவே வெள்ளைத் திட்டு இருக்கும். அது தேய்த்தாலும் போகாது. மாவாக ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய்தான்.

தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலான பூஞ்சைகளைப் போலன்றி, இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரம், நிழல், நெருக்கம் இருந்தால் போதும். அதனால் தொட்டிகளை விலக்கி, வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். அடியிலுள்ள முற்றிய இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். தளதளவென்ற இளந்தளிரில்தான் இது வேகமாகப் பரவும்.

பால் தெளிப்பதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பூசணி இனமான சுக்கினியில் சோதித்து, 1999-இல் நல்ல பலனை வெளியிட்டார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வாரம் ஒருமுறை, காலை வெயிலில், இலையின் இருபுறமும். நோய் தொடங்கும்போதே அடித்தால்தான் பயன்.

வெண்டையில் அடங்காவிட்டால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். பூசணிக்கு அது வேண்டாம், இலை கருகக்கூடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம் தெளியுங்கள்.