ஆள்வோரை ஆளும் சட்டம்

கல்லூரியில் நாம் நடத்தும் சங்கம் எதுவாயினும் அதற்கு விதிகள் உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது, எத்தனை அங்கத்தினர் கூடினால் கூட்டம் செல்லும், காரியதரிசி பணம் செலவிட யாருடைய சம்மதம் வேண்டும் என்பனவெல்லாம் அவற்றுள் அடங்கும். இவ்விதிகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை அங்கத்தினரை அடக்குதற்கு எழுந்தவை அல்ல. பதவி வகிப்போரை வரம்பில் நிறுத்துதற்கு எழுந்தவை. ஒரு தேசத்தின் அரசியலமைப்புச் சட்டமும் இத்தன்மைத்தே. ஏனைய சட்டங்கள் குடிகள் ஒழுகவேண்டிய முறையைக் கூறும். இதுவோ அச்சட்டங்களை இயற்றுவோரும், நடத்துவோரும், அவற்றைக்கொண்டு தீர்ப்பளிப்போரும் ஒழுகவேண்டிய முறையைக் கூறும்.

நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபை 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி முதன்முதலாகக் கூடிற்று. அது 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட சட்டத்தில் 395 ஷரத்துக்கள் இருந்தன. பாராளுமன்றம், மந்திரிசபை, நீதிமன்றம், ராஜ்யங்கள் ஆகிய அனைத்தையும் ஆக்கி அமைப்பவை பல. அவை பற்றி இங்கு விரித்தல் வேண்டா. அடிப்படை உரிமைகளுக்கு மாறான சட்டம் எதுவும் செல்லாது என்கிறது 13-ஆம் ஷரத்து. அவ்வுரிமை பறிபோனவன் நேரே சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டலாம் என்கிறது 32-ஆம் ஷரத்து. பின்னதனையே இச்சட்டத்தின் உயிரெனப் போற்றினார் டாக்டர் அம்பேத்கர். அவ்வாறு அவர் போற்றியதன் காரணம், ஒரே ஒரு ஷரத்தின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்பது 21-ஆம் ஷரத்தின் கருத்து. அமெரிக்க நாட்டுச் சட்டத்தில் இவ்விடத்து 'உரிய சட்டமுறை' என்னும் பொருள்பட்ட சொற்கள் நிற்கின்றன. நம் சபையின் ஆலோசகராயிருந்த பி. என். ராவ் 1947-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, அந்நாட்டு நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டு உரையாடினார். அச்சொற்கள் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டங்களைத் தள்ளிவிடும் பேரதிகாரத்தைச் சில நீதிபதிகள் கையில் ஒப்புவித்துவிடும் என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. அதன் பின்னர் நம் நகலில் அச்சொற்கள் நீங்கி, 'சட்டம் வகுத்த முறை' என்பது புகுந்தது. கே. எம். முன்ஷி முதலியோர் பழைய சொற்களே வேண்டுமென வாதித்தும் பயனில்லை. இரண்டிற்கும் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். முறை நியாயமானதா எனக் கேட்க முன்னது இடந்தரும். முறை ஒன்று உண்டா என்று மட்டுமே பின்னது கேட்பதாகத் தோன்றும்.

புதிய சட்டம் அமுலுக்கு வந்து ஒரு மாதம் கழிந்த அளவில், 1950-ஆம் ஆண்டு பிப்ரவரியில், விசாரணையின்றியே ஒருவரைக் காவலில் வைக்கும் தடுப்புக்காவற் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பொழுது சென்னை ராஜ்யத்துச் சிறையில் இருந்தவர் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன். 1947-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் காவலில் இருந்துவந்த அவர்மீது, 1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இச்சட்டத்தின்படி மற்றோர் உத்தரவு பிறந்தது. அவர் 32-ஆம் ஷரத்தைப் பற்றிக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார். முறையற்ற முறையும் முறையாகுமோ என்பதே அவர் பொருட்டு எம். கே. நம்பியார் நிகழ்த்திய வாதத்தின் சாரம். நீதிபதிகளுட் பெரும்பாலோர், பாராளுமன்றம் இயற்றியதே சட்டம், அது வகுத்ததே முறை என்றனர். முன்னறிவிப்பும், தன் கட்சியைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலையான மன்றமும் இல்லாதது முறையே அன்று என மாறுபட்டார் நீதிபதி பஸல் அலி. கோபாலன் அன்று விடுதலை பெறவில்லை. ஆயினும், காவலில் வைத்ததற்குரிய காரணங்களைக் கோர்ட்டுக்குக்கூட வெளியிடலாகாது என்றிருந்த 14-ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தோற்றவன் வழக்கிலும் அரசாங்கத்தின் கையிலிருந்து ஒரு பிரிவு நழுவியது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த சோதனையில் இத்துணையும் கிட்டவில்லை.

1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பலர் விசாரணையின்றிச் சிறைபுகுந்தனர். அந்நிலையிலும் அவர்கள் முறையிடலாம் எனப் பல ஹைக்கோர்ட்டுகள் கூறின. சுப்ரீம் கோர்ட்டோ 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி அதனை மறுத்தது. சட்டத்துக்கு மாறாகவே ஒருவனைப் பிடித்திருப்பினும் அவன் கோர்ட்டை அணுகுதற்கு வழியில்லை என்பதே அதன் பயன். ஐவருள் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி அவரைக் கடந்து அவருக்கு இளையவர் ஒருவருக்குச் சென்றது. கன்னா பதவி துறந்தார். சட்டப் புத்தகத்தில் 21-ஆம் ஷரத்து அந்நாளிலும் ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் திடுக்கிடுகிறது.

1978-ஆம் ஆண்டு ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசாங்கம் எடுத்துவைத்துக்கொண்ட வழக்கில், அந்த முறை நியாயமும் நேர்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என அக்கோர்ட்டே தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சொற்களை நீக்கிப் பெற்ற இடத்தில் அவற்றின் பொருள் முப்பதாண்டு கழித்துப் பின்வாயில் வழியே வந்து அமர்ந்தது எனலாம். நெருக்கடி நிலையிலும் 21-ஆம் ஷரத்தை நிறுத்தி வைத்தலாகாது என அதே ஆண்டு நிறைவேறிய 44-ஆம் திருத்தம் விதித்தது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையென ஒன்பது நீதிபதிகள் கூடிய மன்றம் 2017-ஆம் ஆண்டு அறிவித்தது.

தடுப்புக்காவல் மட்டும் 22-ஆம் ஷரத்தில் இன்றும் இருக்கிறது. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரை மூன்று மாதம் வரை அடைத்துவைக்கலாம் என்பது அதன் விதி. மேற்கூறிய 44-ஆம் திருத்தம் அதனை இரண்டு மாதமாகக் குறைத்து, அக்குறைப்பு அமுலுக்கு வரும் தேதியை அரசாங்கமே அறிவிக்கும் என்றும் கூறிற்று. அத்தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.